பழைய மாடல் மறுபடி வருமா?

1

போன சித்திரையில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏட்டி உலகு, அவன் மறுபடியும் கொண்டு வரப்போறான்."

யார், எதை என்று நான் கேட்கவில்லை. பஹ்ரைனுக்கு நான் வந்து அன்றோடு எட்டு வருஷம். அத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் 'அவன்' என்றால் சுவிட்சர்லாந்தில் இருக்கிற ஒரு வாட்ச் கம்பெனிதான். பெயர் எதற்கு, பெரிய கம்பெனி. விலையைக் கேட்டால் நம் ஊரில் ஒரு தோப்பைச் சொல்வார்கள். அவர்கள் முன்னொரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் வாட்ச் ஒன்று செய்தார்கள். கறுப்பு முகப்பு, அதற்குள் மூன்று சின்ன வட்டங்கள், வலப்பக்கம் சாவி, சாவிக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நீள முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓட்டப் பந்தயக்காரர்களும் கார் பந்தயக்காரர்களும் கட்டுவது. பாட்டரி வாட்ச் வந்து உலகத்தைப் பிடித்ததும் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குக் கம்பெனியிலிருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் மாடலை இன்னும் எத்தனை பேர் கேட்கிறார்கள், ரிப்பேருக்கு எத்தனை வருகிறது என்று எழுதி அனுப்பச் சொல்லி.

"சும்மா கேப்பானா? திரும்பச் செய்யப்போறான், அதான் கேக்கான். அதே கறுப்பு முகப்புதான் போடுவான் பாரு. கண்ணாடிய வேணா மாத்துவான்."

சாம்பாரை ஊற்றியபடி நான் தலையாட்டினேன். அவருடைய சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. ரிப்பேர் மேஜையையே எடுத்துவிடலாம் என்று கடை முதலாளி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டரி வாட்ச் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள், மெக்கானிக் எதற்கு என்பது அவர் வாதம். எங்கள் விசா ஐப்பசி வரைக்கும்தான். சாவி கொடுக்கிற வாட்ச் மறுபடி வந்தால் மேஜை இருக்கும். மேஜை இருந்தால் நாங்கள் இருப்போம்.

"நீயும் வேண்டிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலமாரிக்குள் இருக்கிற உலகம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவன் அதைக் கொண்டு வரக் கூடாது, தாயே, என்று வேண்டிக்கொண்டேன்.

2

அப்படி வேண்டியது ஏன் என்று தெரிய, பதின்மூன்று வருஷம் முன்னால் தென்காசிக்குப் போகவேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிர் வரிசையில் அவருடைய கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு கண்ணாடிப் பெட்டி, அவர் உட்கார ஒரு ஸ்டூல். ஆடி மாசத்தில் அந்தத் தெருவில் அடிக்கிற காற்றுக்கு, திறந்து வைத்த வாட்ச்சிலிருந்து ஸ்குரு பறந்துவிடும் என்று மூன்று பக்கமும் தட்டி கட்டியிருப்பார். மத்தியானம் நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன்.

அப்படிப் போயிருந்த ஒரு நாள், தலையெல்லாம் ஈரமாக ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விளையாட்டு வாத்தியார், பெயர் ஞானசிகாமணி. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு சீசனுக்கு வந்திருந்தார். கைக்குட்டையை விரித்து அந்த வாட்ச்சை எடுத்து வைத்தார். கண்ணாடிக்குள்ளே மூட்டமாகப் பனி படிந்திருந்தது.

"ஐந்தருவில பயக்களுக்குப் பந்தயம் வச்சேன். எவன் அதிக நேரம் அருவிக்கு நேர் கீழ நிக்கான்னு. நானும் கூட நின்னு பொத்தானை அழுத்துனேன்."

"தண்ணிக்குள்ளயேவா அழுத்துனீங்க?" என்று என் வீட்டுக்காரர் பதறினார். "பொத்தானை அழுத்துனா வழி தொறக்கும்லா சார். குற்றாலம் பூரா உள்ள போயிருக்கும்."

"பந்தயத்துல ஜெயிச்சவன் ஏழு நிமிசம். அதுக்கப்புறம் முள்ளு நகரல" என்று அவர் சிரித்தார். தன் அண்ணன் மலேயாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்றார். ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வாரேன்" என்று காற்றில் வேட்டியைப் பிடித்தபடி போனார்.

அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த வாட்ச்சை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பதினோரு நாள் அதனோடு மல்லுக்கட்டினார். ஓட ஆரம்பித்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார். அந்த மனுஷன் என்னிடம் அவ்வளவு ஆசையாக வேறு எதையும் காட்டியதில்லை. ரசீதின் அடிக்கட்டையில் இருந்த முகவரிக்கு இரண்டு கார்டு போட்டார். பதில் இல்லை. ஓடாமல் கிடந்தால் எண்ணெய் கட்டிக்கொள்ளும் என்று சொல்லித் தன் கையில் கட்டிக்கொண்டார். ஒரு வருஷம் கட்டினார். அப்புறம் அது அடுத்தவருடைய பொருள் என்பதே எங்களுக்குத் தினமும் ஞாபகம் வரவில்லை.

எழுபத்தைந்து ஆவணியில் பஹ்ரைன் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பம்பாய்க்குப் போனார். அந்த வாட்ச்சைக் காட்டித்தான் வேலை வாங்கினார். 'குற்றாலத் தண்ணீர் புகுந்ததை நான் ஓட வைத்தேன்' என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாராம். வேலை உறுதியானது. ஆனால் டிக்கெட்டைக் கையில் கொடுக்கிற நாளில் ஏஜெண்ட் அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தானாம். கப்பல் மறுநாள். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

'நான் செய்தது தப்பு. சம்பாதித்து அதே மாடல் வாங்கி சாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்' என்று எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்தது. அதே வருஷம் கம்பெனி அந்த மாடலை நிறுத்தியது.

3

இந்த ஊர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, இங்கே நான் வேறொருத்தி என்பது. பதிவு ஆபீஸில் என் பெயரை அரபியில் எழுதி, அதிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றியபோது உலகம்மாள் 'ஓல்கா மால்' ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் "ஓல்கா!" என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போவேன். வெள்ளைக்காரியைத் தேடுகிற நர்சு என்னைப் பார்த்ததும் மறுபடி அட்டையைப் பார்ப்பாள். திருத்தப் போனேன். திருத்த வேண்டுமென்றால் ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ், அதற்கு மெட்ராஸில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை என்றார்கள். ஓல்காவாகவே இருந்துவிட்டேன்.

மகள் மீனாவுக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டு மலையாளக் குழந்தைகளோடு மலையாளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், என்னோடு இரண்டும் கலந்த ஒன்று. "அம்மே, அச்சன் எப்ப நோக்கினாலும் அந்த வாட்ச் கதையா?" என்கிறாள். ஊரைப் பற்றி நான் ஏதாவது ஆரம்பித்தால் எழுந்து போய் டி.வி.யைப் போடுகிறாள். கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. அவளுடைய ஊர் இதுதானே. விசா போனால் ஊரை விட்டுப் போகப்போகிறவள் அவள்தான்.

அந்தக் கடிதம் வந்த பிறகு வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று அறைகளுக்குள் நடப்பேன். துவைத்ததையே எடுத்துத் துவைப்பேன். வெளியே போனால் வெயில் முகத்தில் அறையும். திரும்ப வந்து நடப்பேன். அவரோ நாளுக்கொரு தகவலோடு வந்தார். போட்டிக் கம்பெனி ஒன்று சாவி வாட்ச் செய்கிறதாம். இத்தாலியில் பழைய மாடலுக்கு அடிதடியாம். துபாய் கடைக்கும் அதே கடிதம் போயிருக்கிறதாம். ஒரு தாளில் அவரே அந்த வாட்ச்சை வரைந்து, எதை வைத்துக்கொள்வார்கள், எதை மாற்றுவார்கள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

"மொத பீஸ் வந்ததும் நம்ம எடுத்திருதோம். ஒரு வருசச் சம்பளம் போனாலும் சரி. நேரே நாகர்கோயில். சார் வீட்டுக் கதவத் தட்டி, இந்தாங்க சார் உங்க வாட்ச்சுன்னு கையில கொடுத்திருவேன்."

அடிக்கட்டை ரசீதை இன்னும் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தார். அதில் முகவரி இருந்தது. அவர் அந்தக் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போனவர் அல்லவா வந்து நிற்பார்.

4

எழுபத்தாறு ஆடி. அவர் கப்பலேறிப் பத்து மாசம். மீனாவுக்கு மூன்று மாசம். நான் கீழப்புலியூரில் என் அம்மா வீட்டில் இருந்தேன். சாரல் விட்டிருந்த ஒரு காலைநேரம், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை துவட்டின துண்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நெற்றியில் இன்னும் பொட்டு வைக்கவில்லை. தாலிச் செயினை அவர் பயணத்துக்காக அடகு வைத்திருந்ததால் மஞ்சள் கயிறுதான். அது ரவிக்கைக்குள் கிடந்தது.

வாசலில் ஞானசிகாமணி சார். ஆள் பாதியாகியிருந்தார். மூன்று வருஷமாக உடம்பு சரியில்லை, வேலூரில் கிடந்தேன், இப்போதுதான் நடமாடுகிறேன் என்றார். கையில் அந்த ரசீது.

"கடை பூட்டிக் கெடக்கு. தெருவுல ஒரு சின்னப் பயதான் இந்த வீட்டக் காட்டுனான். அவரு எங்கம்மா?"

"அவுக போயிட்டாக, சார்" என்றேன்.

பஹ்ரைனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், அடுத்து வாட்ச் எங்கே என்று கேட்பாரே என்று நினைத்ததும் அதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் நெற்றியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"எப்பம்மா?"

"போன ஆவணில."

"ஐயோ, மக்களே" என்றார். "இந்த வயசுலயா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அவருக்குள் என் புருஷன் செத்துக்கிடந்தார். 'அப்படி இல்லை சார்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். சொன்னால் வாட்ச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர் முழுக்கத் திருட்டுப் பட்டம் வரும், போலீசுக்குப் போவாரோ, வேலை போய்விடுமோ என்று இருபது வயது மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் ரசீதை நாலாகக் கிழித்தார். "வாட்ச்சு கெடக்கட்டும்மா. வித்து, பிள்ளைக்கு ஏதாவது செய்யி. அவரு நல்ல தொழில்காரர்." வீட்டுக்கு வாங்கிவைத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிள்ளை பக்கத்தில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

நான் கதவைச் சாத்தினேன். குங்குமச் சிமிழைத் திறந்து நெற்றியில் அள்ளி அப்பினேன். மூக்கெல்லாம் சிந்தியது. என்னட்டி ஆச்சு என்று அம்மா கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்குப் பிறகு இன்றுவரை குளித்த ஈரத்தோடு பொட்டு வைத்துவிட்டுத்தான் குளியலறையை விட்டு வெளியே வருவேன்.

5

வாயிலிருந்து விழுந்த சொல் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? பஹ்ரைன் வந்த நாலாம் வருஷம் அவருக்கு சிறுநீரகத்தில் கல். வலியில் சுருண்டு விழுந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். டாக்டர் சாதாரணம் என்றுதான் சொன்னார். நான் மட்டும் நடைவாசலில் உட்கார்ந்து, என் சொல் பலித்துவிட்டது, என் சொல் பலித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பலுசிஸ்தான் பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் கடையிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் எனக்கு அந்த நடைவாசல்தான்.

வைகாசி முடியும்போது கம்பெனியின் பிரதிநிதி கடைக்கு வந்தான். சின்ன வயசு வெள்ளைக்காரன். என் வீட்டுக்காரர் காலையில் இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டு போனார். மத்தியானம் வந்தவர் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கொண்டு வரலையாம்" என்றார் கடைசியில்.

"அப்ப அந்தக் கடுதாசி?"

"பழைய மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் எத்தன வருசம் வச்சிருக்கணும்னு பாக்கதுக்காம். யாரும் கேக்கலன்னா நிறுத்திரலாமாம். நான் என்னமோ புள்ள பொறக்கப்போவுதுன்னு நெனச்சேன். அவன் கருமாதிக்கு ஆள் எண்ணியிருக்கான்."

நான் வேண்டினது நடந்துவிட்டது. இனி அவர் நாகர்கோவிலுக்குப் போகமாட்டார். நான் மூச்சு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் 'கருமாதி' என்ற சொல் என்னை விடவில்லை. கையில் இருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு நான் ஒருக்கா கருமாதி பண்ணிட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, ரசீது, ரொட்டிப் பொட்டலம்வரை. அவர் எழுந்து கை கழுவினார். கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மீனாவிடம் சொல்லித்தான் எதையும் கேட்டார். மூன்றாம் நாள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றார்.

"பொட்டு இல்லாமயா நின்ன?"

"ஆமா."

"பத்து வருசமாவா உள்ள வச்சிருந்த?"

எனக்கு அழுகைதான் வந்தது.

"தப்பு பண்ணுனது நானு. நீ என்னையக் கொன்னது அதுக்குப் பொறவுதான்" என்றார். "லீவுல போவோம். வாட்ச் இல்லாமலே போவோம்."

முதலாளி மேஜையை எடுக்கத்தான் செய்தார். ஆனாலும் ஆளை அனுப்பவில்லை. பாட்டரி மாற்றவும் வார் போடவும் ஒருவர் வேண்டுமே. 'மெக்கானிக்' என்று இருந்த விசாவை 'விற்பனையாளர்' என்று மாற்ற, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மூன்று முத்திரை கேட்டார்கள். அதற்கும் ஊருக்குப் போகவேண்டியிருந்தது.

6

மீனாவைக் கீழப்புலியூரில் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலி போய், அங்கிருந்து நாகர்கோவில் பஸ் ஏறினோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸைத் தள்ளியது. நான் நெற்றியை நாலு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சார் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவரே வந்து கதவைத் திறந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"தென்காசி. கைப்பிள்ளையோட நின்ன பொண்ணுல்லா நீ?"

நான் தலையாட்டினேன். அவர் கண் என் பொட்டுக்கு வந்தது. பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஸ்டெல்லா, இங்கன வா! நான் சொல்லுவேன்லா, வாட்ச்சுக்காரர் பெஞ்சாதி. மறுபடியும் கல்யாணம் கெட்டியிருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். என் வீட்டுக்காரருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீரு பெரிய மனுசன். நம்ம நாட்டுல எவன் செய்வான் இத? அந்தப் பிள்ளையையும் வச்சுக் காப்பாத்துதீரு. நல்லா இருப்பீரு."

என் வீட்டுக்காரர் வாய் திறந்தபடி நின்றார். சாரின் மனைவி வந்து என் தோளைத் தொட்டுச் சிரித்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் செய்ததைப்போலத் தலையைக் குனிந்துகொண்டால் போதும். காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

"சார்" என்றேன். "இவுக ரெண்டாவது ஆளு இல்ல. அதே ஆளுதான்."

அவருக்கு விளங்கவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். பம்பாய்க் கதையை என் வீட்டுக்காரர் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. சாரின் கை மெல்ல விலகியது. உள்ளறைக்குள் போய்விட்டார்.

அந்த அம்மா எங்களை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். காப்பி வந்தது. ஆறிப்போனது. எழுந்து போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் அசையவில்லை.

சார் ஒரு நீல அட்டை நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"வாட்ச்சுக்கு எனக்குக் கோவம் இல்ல. அது அன்னைக்கே நான் குடுத்தது" என்றார் என்னைப் பார்த்து. "பத்து வருசமா நவம்பர் மாசம், எங்க இறந்தவங்களுக்குப் பூசை வைக்கும்போதெல்லாம், இவருக்கும் ஒரு மெழுகுவத்தி கொளுத்தியிருக்கேன். காச்சல்ல கெடந்த வருசம் இவளை அனுப்பிக் கொளுத்துனேன். உயிரோட இருக்கவருக்கு! இப்படியுமா செய்வா ஒருத்தி?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "அடிச்சிருங்க சார்" என்றேன். "அந்த நோட்டுல இருந்து அடிச்சிருங்க. இன்னைக்கே அடிச்சிருங்க. எனக்கு அது போதும்."

அவர் நோட்டைத் திறந்தார். அம்மா, அப்பா, மலேயா அண்ணன் என்று வரிசையாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'தென்காசி வாட்ச்காரர்'. பெயர் அவருக்குத் தெரியாது. பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். கோடு சரியாக விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மேலே இன்னொன்றும் போட்டார். தாள் கிழிந்தது.

பிறகு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே வேறு பெயர்கள் இருந்தன: மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டில் நோயாகக் கிடக்கிற யாரோ.

"பேரு என்ன?"

என் வீட்டுக்காரர் சொல்ல வாயெடுத்தார். சார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீரு இரும். அவ வாயாலதான போனீரு. அவ சொல்லட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டோம். படிவங்களில் எழுதியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட அட்டையைத்தான் நீட்டினேன். சார் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருமலைக்குமார்" என்றேன். சாருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும், சத்தமாகச் சொன்னேன்.